அரையை முழுங்கிய ஸ்பைரல் ஓட்டை

திருவாரூர் தேரடிப் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு நாலு நட்சத்திரம். நாலரை போடத்தான் ஆசை, அதற்கு வழியில்லை.

நான் கொடுத்தது கேட்டோ என்கிற ரோமானியர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய பண்ணை நடத்தும் நூல். பேத்தி இறக்கித் தந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. இரண்டு பக்கமும் அடித்து ஸ்பைரல் போட 160 ரூபாய். தாள் நல்ல கனம், எழுத்தும் பளிச். ஆனால் இடது ஓரம் விடவில்லை. ஓட்டை எழுத்து மேலேயே விழுந்துவிட்டது, அதுவும் நான் தேடின பக்கத்தில்.

அடிமைகளுக்குப் படியளக்கிற பக்கம் அது. வயல்வேலை செய்கிறவனுக்கு மாசக் கோதுமை குளிர்காலத்தில் 4 மோடியஸ், நம் கணக்கில் சுமார் 26 கிலோ. கோடையில் நாலு... மிச்சம் ஓட்டையோடு போச்சு. எங்கப்பா கொரடாச்சேரிப் பக்கம் பண்ணையாள். மரக்காலுக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பான் என்று காரியக்காரரைச் சாகும்வரை திட்டினவர். எனக்கு மனசு விடுமா? மறுநாளே பஸ் ஏறினேன்.

"அரைதானே சார்" என்று கடைத் தம்பி சிரித்தார். ஆனாலும் ஓரம் விட்டு முழுசையும் காசு வாங்காமல் திரும்ப அடித்தார். நாலரைதான்! மேற்பார்க்கிற காரியக்காரனுக்கு மூன்றே, அவன் உடம்பு வளையாதே. விலங்கு போட்டவர்களுக்கு ரொட்டியாகவே நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள்: தினம் 4 ரோமானிய ராத்தல், திராட்சைக் கொல்லை கொத்தும்போது 5, அத்திப்பழம் வந்ததும் மறுபடி 4. சட்டையும் போர்வையும் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம். பழசைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு, ஒட்டுத்துணி தைக்க அது வேணுமாம். கிழட்டு மாட்டோடு கிழட்டு அடிமையையும் விற்றுவிடு என்கிறார் மனுஷன். எங்கப்பாவுக்குத் தீபாவளிக்கு ஒரு வேட்டி வரும், பழசை யாரும் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் எங்க பண்ணையார் தேவலை.

கலர் பிரிண்ட் சுமார்தான். பாம்பெய்க்குப் பக்கத்தில் 2021இல் தோண்டியெடுத்த அடிமைகள் அறையின் படம் ஒன்று அடித்தேன், 15 ரூபாய். 16 சதுர மீட்டரில் மூன்று கட்டில், அதில் ஒன்று 1.40 மீட்டர்தான், பிள்ளை படுக்கிற நீளம். படம் முழுக்க செங்காவி ஏறி, மூலையில் அடுக்கின ஜாடிகள் தெரியவேயில்லை.

மதியம் ஒன்றரைக்குக் கடை சாத்தினால் மூணரைக்குத்தான் திறப்பார்கள். பென்டிரைவ் கொடுக்கும்போதே இடது ஓரம் விடச் சொல்லிவிடுங்கள்.