தேள் படம் ஒட்டிய புன்ட்டோ வாங்கப் போகிறீர்களா? பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே கொட்டு வாங்கியவன் நான், திருடன் இல்லை, ஆனாலும் எட்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான். கார் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிற ஆள் ஏமாந்துவிட்டான் என்று மச்சானுக்குத் தெரிந்தால், அடுத்த பத்து தீபாவளிக்கு வீட்டில் அதுதான் பேச்சு. இப்போது வழக்கும் போட்டாயிற்று, மச்சானுக்கும் தெரிந்தாயிற்று. இனி மறைக்க ஒன்றுமில்லை.

பழைய அபார்த் புன்ட்டோ கார் ஒன்று கிடைக்காதா என்று திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேடுகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். விற்றவர் பெயரைப் போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

எனக்குப் பாபநாசம் பக்கம் உரக்கடை. அப்பாவிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது, ஃபியட் மாடலை வைத்து இங்கே செய்த கார். பத்மினி என்று யாரும் சொல்ல மாட்டோம், "ஃபியட்டை எடு" என்போம். அந்தப் பாசம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அபார்த் என்பது அதே ஃபியட் குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை. 1949-ல் கார்லோ அபார்த் இத்தாலியில் ஆரம்பித்தது. மனிதர் நவம்பரில் பிறந்தவர், அவர்கள் கணக்கில் விருச்சிக ராசி, அதனால் தேள் சின்னம். சின்ன ஃபியட் கார்களின் இன்ஜினிலும் சைலன்சரிலும் கைவைத்து, பெரிய கார்களை விரட்டுகிற வண்டியாக மாற்றுவது அவருடைய தொழில். 1971-ல் ஃபியட்டே அதை வாங்கிக்கொண்டது.

இந்தியாவுக்கு அபார்த் புன்ட்டோ வந்தது 2015 அக்டோபரில். ஷோரூம் விலை 9.95 லட்சம். 1.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அதில் காற்றை அமுக்கித் தள்ளி வலு கூட்டுகிற டர்போ, 145 குதிரைத் திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை 8.8 வினாடியில் தொடும் என்றார்கள். அந்த விலையில் அப்படி ஒரு கார் அன்றைக்கு வேறு இல்லை. வாங்கத்தான் ஆளில்லை. 2019-ல் புன்ட்டோ, லீனியா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃபியட் இங்கிருந்து மூட்டை கட்டியது. ஒரு தடவை தஞ்சாவூர் பைபாஸில் ஒரு சிவப்பு அபார்த் என் ஆல்டோவைத் தாண்டிப் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான்கு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் கொடுத்தேன் என்று நினைத்தேன்.

போன புரட்டாசி. குறுவை அறுப்பு முடிந்து, கடன் சொல்லி உரம் எடுத்தவர்கள் பாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கிற நேரம். கையில் காசு இருந்தது, புத்தி கொஞ்சம் குறைவாக இருந்தது. பழைய கார் விற்கும் கடை ஒன்றில் 'அபார்த் புன்ட்டோ, ஒரே ஓனர்' என்று போட்டோ பார்த்து ஓடினேன். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் சிவப்புப் பட்டை, தேள் போட்ட அலாய் வீல், டிக்கியில் தேள், ஸ்டீயரிங்கில் தேள். எங்கே பார்த்தாலும் தேள்.

விலை அதிகமாக இருக்கிறதே என்றேன். "அண்ணே, கம்பெனியே இந்தியாவ விட்டுப் போயிடுச்சு. இனிமே இந்த வண்டி வராது. வாங்கி வெச்சீங்கன்னா பீரோல தங்கம் வெச்ச மாதிரி" என்றார் கடைக்காரர். சரி, ஸ்பேருக்கு எங்கே போவது என்றேன். "அதுக்கென்னண்ணே, அதே கம்பெனிதான ஜீப்பு விக்கிறான். அபார்த்தும் திரும்ப வருது, உள்ள இருக்கிற ஆளே சொன்னாப்ல."

இனி வராது, அதனால் விலை கூட. திரும்ப வரும், அதனால் பயம் வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், நானும் இரண்டுக்கும் தலையாட்டினேன். தள்ளாடுகிற பிராண்டின் காரை விற்கிறவனுக்கு இதுதான் வசதி. அதன் எதிர்காலம் யாருக்கும் தெரியாது என்பதால், கேட்கிறவனுக்கு எது பிடிக்குமோ அந்த எதிர்காலத்தைச் சேர்த்து விற்கலாம்.

அபார்த்தின் உண்மை நிலைமையை நான் அன்றே படித்துத்தான் இருந்தேன். 2021-ல் ஃபியட் குழுமமும் பிரான்சின் பெஜோ குழுமமும் இணைந்து ஸ்டெல்லான்டிஸ் ஆனது. அங்கே பதினான்கு பிராண்டுகள், அதில் அபார்த் ஒரு கடைக்குட்டி. ஐரோப்பாவில் பேர் வாங்கிய பெட்ரோல் மாடல்கள் 595, 695 இரண்டும் 2024-ல் நின்றன. அதற்குப் பதிலாக மின்சார 500இ, அப்புறம் 600இ. சத்தத்துக்காகவே வாங்கப்பட்ட காரை மின்சாரமாக்கினால் என்ன செய்வது? 500இ-யில் வெளியே ஒரு ஸ்பீக்கர் வைத்துப் பழைய பெட்ரோல் அபார்த்தின் உறுமலை ஒலிக்க விட்டார்கள். நாதஸ்வரக்காரரை அனுப்பிவிட்டுக் கல்யாணத்தில் சிடி போட்ட மாதிரி. பழைய ரசிகர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அங்கேயே இந்த நிலைமை என்றால், இங்கே வலங்கைமானுக்கும் பாபநாசத்துக்கும் அபார்த் திரும்ப வரப்போகிறது என்று நான் நம்பினேன் பாருங்கள், அதை என்னவென்று சொல்ல.

ஓட்டிப் பார்த்தது இன்னொரு கூத்து. கடைப் பையன் கூட வந்தான். பைபாஸ் பக்கம் போகலாம் என்றால், "டோல் வருதுண்ணே, இப்படியே போலாம்" என்று பழைய ரோட்டில் திருப்பிவிட்டான். ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது, மீதிப் பாதியில் மினி பஸ். நாற்பதைத் தாண்ட முடியவில்லை. கொஞ்சம் மிதித்துப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "டர்போ மூவாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலதாண்ணே வேலை செய்யும்" என்றான். பத்து வருஷம் ஆல்டோ ஓட்டியவனுக்கு எதுவும் வேகம்தான். பானட்டையும் திறந்து பார்த்தேன். எல்லாம் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது, அந்தப் பளபளப்பைத்தான் பார்த்தேன்.

ஆர்.சி.யில் 1368 சி.சி. என்று இருந்தது. அபார்த்துக்கும் அதே 1368 என்று எனக்கு மனப்பாடம், திருப்தியாகிவிட்டேன். மாடல் என்ற இடத்தில் வெறும் புன்ட்டோ. கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் அப்படித்தாண்ணே போடுவாங்க" என்றார்கள்.

மூன்றாம் வாரம் மச்சானின் பழைய டீசல் ஸ்விஃப்ட் என்னைப் பைபாஸில் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனது. அந்த ஸ்விஃப்ட் டீசல் இன்ஜினே ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் என்பது தனி வேதனை. அடுத்த மாதம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. விற்றவரிடமே போனேன். "அபார்த் கிளட்ச் இட்டாலிலேர்ந்துதாண்ணே வரணும்" என்று பதினெட்டாயிரம் அட்வான்ஸ் வாங்கினார். தை பிறந்தது, மாசி வந்தது, இட்டாலி வரவில்லை. போன் அடித்தால் பிஸி, போய் நின்றால் "அண்ணன் இப்பதான் வெளிய போனாரு."

கடைசியில் கும்பகோணத்தில் பழைய ஃபியட் வண்டிகள் பார்க்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். அலாய் வீலின் இடுக்கு வழியே விரலை நீட்டினார்.

"தம்பி, இது என்ன?"

துருப் பிடித்த கறுப்புச் சட்டி ஒன்று தெரிந்தது. ட்ரம் பிரேக்.

"அபார்த்துக்கு நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு. உன் வண்டிக்கு முன்னாடிதான் டிஸ்க்கு. பின்னாடி ட்ரம்மு. வீலு மட்டும் யாரோ மாத்திருக்கான்."

அப்புறம் பானட்டைத் திறந்தார். டர்போ இருக்க வேண்டிய இடத்தில் டர்போ இல்லை. அதிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற தடித்த குழாயும் இல்லை. டிக்கியில் இருந்த தேளை நகத்தால் நெம்பினார், டபுள் டேப்போடு கையோடு வந்தது. அதற்கடியில் முன்பு வேறு எழுத்து ஒட்டியிருந்த தடம். சாதாரணப் புன்ட்டோவிலேயே 1.4 பெட்ரோல் ஒன்று இருந்தது, டர்போ இல்லாதது, 90 குதிரைத் திறன். அதுவும் அதே 1368 சி.சி. தான். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எண்ணே என்னைக் கவிழ்த்தது. கிளட்ச்சை பாயே இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார். இட்டாலியில் இருந்து வரவழைக்கவில்லை.

விற்றவரிடம் போய்த் தேளை மேஜையில் வைத்தேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், அவர் டீ சொன்னார். "நான் எங்கண்ணே அபார்த்னு எழுதிக் குடுத்தேன்? ரசீதைப் பாருங்க." பார்த்தேன். 'புன்ட்டோ பெட்ரோல், உள்ளது உள்ளபடி' என்று இருந்தது. ஆறு மாத வாரன்டி என்று சொன்னது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவில், கையெழுத்தில்லாமல். அட்வான்ஸ் பதினெட்டாயிரத்துக்கு ரசீதே இல்லை.

என்னைக் காப்பாற்றியது, காப்பாற்றும் என்று நம்புவது, இரண்டே விஷயம். அவர் விளம்பரத்தை நான் வாங்குவதற்கு முன்பே மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பீற்றிக்கொண்டிருந்தேன். அதில் 'அபார்த்' என்று தெளிவாக இருக்கிறது. கிளட்ச் பணம் ஜிபேயில் போனது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் போச்சு.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன், எதிர்த்தரப்பு அசையவில்லை. அப்புறம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இது எனக்கே வக்கீல் சொல்லித்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதனால் என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வக்கீல் கேட்ட இன்னொரு கேள்வி: "அந்தக் கடைக்கு அங்கீகாரச் சான்று இருக்கா, பாத்தீங்களா?" 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அதை வாங்கியிருக்க வேண்டுமாம். நான் எங்கே பார்த்தேன், சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைத்தான் பார்த்தேன்.

நிஜ அபார்த் கிடைத்தால் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கே ஆசை விடவில்லை. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணை எழுதிக்கொண்டு போய், ஜீப் சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியின் பழைய சர்வீஸ் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபியட் வண்டிகளையும் அங்கேதான் பார்க்கிறார்கள். நெல் காயாத ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ரசீதில் 'அபார்த்' என்ற வார்த்தை வரும்வரை பணத்தை எண்ணாதீர்கள். அந்த பிராண்ட் பிழைக்குமா, இந்தியாவுக்கு வருமா என்று விற்கிறவர் ஆரம்பித்தால் பேச்சை வெட்டி, பின்சக்கரத்துக்குப் போய்க் குந்துங்கள். வேட்டி அழுக்கானால் பரவாயில்லை.

வண்டி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, உரக்கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறது. 90 குதிரைத் திறன் புன்ட்டோவாகப் பார்த்தால் மோசமில்லை, ஏ.சி. நன்றாகக் குளிரும். மற்ற தேள்களை எல்லாம் கழற்றிவிட்டேன். டிக்கித் தேளை மட்டும் தூக்கிப் போட வேண்டாம், அது சான்றாவணம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். டபுள் டேப்போடு பழுப்புக் கவரில் போட்டு, மேலே மனு எண் எழுதி, அவர் மேஜை டிராயரில் வைத்திருக்கிறார்.