பஞ்சு அடைத்த போன்

வாங்கிய மறுவாரம் எழுதினால் எல்லா போனும் நல்ல போன்தான். கல்யாணமான மறுவாரம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்பதைப் போன்றது அது. நான் 2021 ஆகஸ்டில் ரூ.11,500 கொடுத்து வாங்கிய 4ஜி போனைப் பற்றி நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, 5,000 எம்ஏஎச் பேட்டரி. இதையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. மூன்றாவது வருடம் சார்ஜ் ஏறுவதில் தகராறு தொடங்கியது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்தால் ஏறும். மின்விசிறிக் காற்றில் அசைந்தால் நின்றுவிடும். இரவு முழுக்கப் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் 9 சதவீதம். இரண்டு வயர், ஒரு சார்ஜர் மாற்றினேன். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் போனைக் கையில் வாங்கிய அரை நிமிடத்திலேயே, "சார்ஜிங் போர்டு போய்விட்டது, 2,200 ரூபாய் ஆகும்" என்றார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே குடை அளவுக்கு ஒரு கடை வைத்திருப்பவரிடம் அதையே காட்டினேன். அவர் டார்ச் அடித்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "துணிக்கடையிலா சார் வேலை?" என்று கேட்டார். போனை அணைத்தார். பல்குச்சியின் நுனியைச் சீவி உள்ளே விட்டு மெதுவாக நெம்பினார். கெட்டியாக அமுங்கிய பஞ்சு, திரி மாதிரி வந்தது. நீலமும் மஞ்சளுமாக, கூடவே ஒரு ஜரிகைத் துணுக்கு.

சட்டைப் பையில் போன் தலைகீழாகக் கிடக்கிறது. பையில் சேரும் பஞ்சை, வயர் செருகும்போதெல்லாம் நாமே உள்ளே தள்ளித் தள்ளி இடித்து வைக்கிறோம். முனை முழுதாக உட்காராததால் பிடிப்பு இல்லை. விஷயம் அவ்வளவுதான். காசு வேண்டாம் என்றவரிடம் டீக்கு என்று 20 ரூபாயைத் திணித்துவிட்டு வந்தேன். (ஊசி, சேஃப்டி பின் எதையும் விட்டுவிடாதீர்கள், நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு போய்விட்டால் அப்புறம் அந்த 2,200 உண்மையாகவே செலவாகும்.)

சிக்னல் விஷயத்திலும் போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பழைய வீடு, ஒன்றரை அடிச் சுவர். கூடத்தில் ஒரு கோடு தெரியும், அடுப்படியில் அதுவும் இல்லை. வங்கி அனுப்பும் ஓடிபி வேண்டுமென்றால் மாடிப்படியின் ஐந்தாவது படிக்கு ஓட வேண்டும். ஏறி, எண்ணைப் பார்த்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறங்கி வந்தால், நேரம் முடிந்துவிட்டது என்று கணினித் திரை சொல்லும். ஒரு நாள் மைத்துனர் இதைப்போல ஐந்து மடங்கு விலையுள்ள போனோடு வந்திருந்தார். சாப்பிட்டு எழுந்ததும் அவரும் அதே ஐந்தாவது படியில் போய் நின்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

4ஜிக்குப் பயன்படும் அலைவரிசைகளில் 850, 900 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். 2,300 தடித்த சுவரிடம் தோற்றுப்போகும். நெட்வொர்க் அமைப்புக்குள் 'வைஃபை காலிங்' (டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசுவது) என்று ஒரு பொத்தான் இருப்பதை இரண்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். பிராட்பேண்ட் இருக்கும் வீடு என்றால் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். இப்போது அடுப்படியிலும் போன் ஒலிக்கிறது.

அதற்கு முன்பே கோபத்தில் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முயன்றேன். சிக்னல் இல்லை என்று நான்கு முறை புகார் செய்தபோது, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று நான்கு குறுஞ்செய்தி வந்ததோடு சரி. 1900 என்ற எண்ணுக்கு 'போர்ட்' செய்தி அனுப்பிய அன்று மாலைக்குள் மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். என்ன குறை, எதற்குப் போகிறீர்கள், மலிவாக ஒரு பிளான் தரட்டுமா என்று ஒரே உபசாரம். நிறுவனம் மாறுவதற்காகக் குறுஞ்செய்தியில் வந்த குறியீட்டுக்கு நான்கு நாள்தான் ஆயுள். தீபாவளி வியாபாரத்தில் அதை மறந்துபோனேன். இன்றும் அதே நிறுவனம்தான்.

28 நாள் கணக்கு வேறு ஒரு எரிச்சல். மாதம் என்று பேச்சு, ஆனால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் பிளான் ஒன்றாவது தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் சொல்லி, அதுவும் வந்தது. செயலியில் அதைத் தேடிப் பிடிக்க விரலுக்குத் தேய்மானம். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அவருக்கும் தினம் இத்தனை ஜிபி என்று டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி பிளான் வேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவு வந்த பிறகுதான் அதற்கு விடிவு.

போனின் உண்மையான குறைகள் இரண்டு. இரண்டு வருடத்துக்குப் பிறகு புதிய ஆண்ட்ராய்டு வரவில்லை, பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. 64 ஜிபி போதவில்லை. ஆனால் அதில் பெரியப்பா அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்கும் பங்கு உண்டு. வாட்ஸ்ஆப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தியதும் 11 ஜிபி மிஞ்சியது. பேட்டரி இப்போது மாலை ஆறு மணி வரை தாங்குகிறது. கேமரா பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பில் படம் எடுக்கப் போதும்.

பல்குச்சி டப்பா ஒன்று என் மேசையில் நிரந்தரமாக இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிந்ததும் கடைப் பையன்கள் ஒவ்வொருவராகப் போனை நீட்டுகிறார்கள். வருகிற பஞ்சின் நிறத்தைப் பார்த்தே யார் எந்தப் பிரிவில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். வேட்டிப் பிரிவுக்காரருக்கு எப்போதும் வெள்ளைதான். போன வாரம் அவர் போனிலிருந்து பட்டுப்புடவைச் சிவப்பு வந்தது. மதியம் யாருக்காகப் பட்டுப் பிரிவில் போய் நின்றார் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.