பெயர் எண் பார்த்துப் பிறப்புச் சான்றிதழும் எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிகளில் அண்மையில் குழந்தை பெற்ற குடும்பங்கள் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகளுக்குப் பெயர் வைப்பதில் வீட்டுக்குள் எழுந்த மனத்தாங்கலைப் பயன்படுத்திக்கொண்டு, பெயரியல் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் எங்களிடம் 14,000 ரூபாய் வாங்கினார். அதோடு நில்லாமல், வீட்டில் ஒருவருமே கேட்காத ஒரு பெயரைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஏற்றியும் விட்டார்.

என் மனைவி தமிழ் முதுகலை படித்தவர். பெண் பிறந்தால் ஆதிமந்தி என்று பெயரிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். குறுந்தொகையின் 31ஆம் பாடலைப் பாடிய புலவரின் பெயர் அது. காவிரி வெள்ளம் அடித்துக்கொண்டு போன கணவனைத் தேடிக் கரையோரமாகவே நடந்துபோய், கடலிடமிருந்து அவனை மீட்டு வந்ததாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடும் கரிகாலன் மகளும் இவரே என்பது மரபு. இழந்ததைக் கடலிடமே கேட்டு வாங்கிய ஒருத்தியின் பெயர், கடலை நம்பி வாழும் குடும்பத்தில் பிறக்கும் பெண்ணுக்குப் பொருந்தும் என்று மனைவி சொன்னபோது எனக்கும் அது பிடித்திருந்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு மந்தினு பேரு வெச்சா, பள்ளிக்கூடத்துல கொரங்குனுதானடா கூப்புடுவாங்க?" என்று முதலில் கேட்டார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையை மனைவி சொன்ன பிறகு எதிர்ப்பு இன்னும் கடுமையானது. என் சித்தப்பா இருபது ஆண்டுகளுக்கு முன்பு காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சித்தியை அந்த நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவர் அம்மாதான். என் தம்பி இப்போதும் விசைப்படகில் போகிறவன். தண்ணீர் கணவனைக் கொண்டுபோன பெண்ணின் பெயரை இந்த வீட்டில் நாள்தோறும் கூப்பிடுவதா என்று அம்மா கேட்டதில் எவ்விதப் பிடிவாதமும் இல்லை, அச்சம் மட்டுமே இருந்தது. குழந்தை கார்த்திகை நட்சத்திரம், முதல் பாதம். அதற்குரிய எழுத்து 'அ' என்பதால், தன் மாமியாரின் பெயரான அஞ்சலை என்பதையே வைக்கலாம் என்றார். இரண்டு பேரின் நியாயமும் எனக்குப் புரிந்தது. புரிந்தும் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசாமல், நாள் போனால் தானாகச் சரியாகிவிடும் என்று நான் ஒதுங்கியிருந்ததுதான் நான் செய்த பெரும் பிழை. மே மாதம் குழந்தை பிறந்த இரண்டாவது வாரத்துக்குள் மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் உறவினர் ஒருவர் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் அந்த நபரைப் பற்றிச் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்தே போனோம். முதல் முறை கட்டணம் 500 ரூபாய். பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் எண் போட்டுக் கூட்டினார். கீரோ என்பவர் பரப்பிய, இங்கே பரவலாக வழங்கும் முறை அது: ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் ஆகிய எழுத்துகளுக்கு 1, டி, எம், டீ மூன்றுக்கும் 4, ஈ, எச், என், எக்ஸ் நான்குக்கும் 5 என்று போகும், 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. மனைவி தொடக்கத்தில் ஒற்றை 'ஏ' மட்டும் போட்டு எழுதியிருந்தார். கூட்டுத்தொகை 31, அதாவது 4. அது ராகுவின் எண், ஆகாது என்றார். பிறகு வீட்டில் யாருக்கு என்ன விருப்பம், யார் என்ன தொழில் செய்கிறார்கள், குடும்பத்தில் துர்மரணம் உண்டா என்றெல்லாம் பரிவோடு விசாரித்து, அம்மாவின் கைப்பேசி எண்ணையும் மனைவியின் எண்ணையும் தனித்தனியே குறித்துக்கொண்டார். மூன்று பேர் சேர்ந்து வந்திருக்கும்போது எண்ணை மட்டும் ஏன் தனித்தனியே கேட்கிறார் என்பதை நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் அவர் அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசியது எங்களுக்குத் தெரியாது. மருமகள் இந்தப் பெயரை விடமாட்டார், ராகு எண்ணும் தண்ணீர்க் கதையும் சேர்ந்து வீட்டில் கடலுக்குப் போகும் ஆண்மகனைத் தாக்கும், தடைக்காலம் முடிந்து படகு இறங்குவதற்குள் பரிகாரம் செய்தாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பது இந்தப் பகுதியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில், குழந்தைக்கு மோதிரம் வாங்கச் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணத்திலிருந்து அம்மா 6,500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். என் தம்பியின் உயிரைச் சொல்லிக் கேட்டால் அவர் எதைத்தான் கொடுக்க மாட்டார்? இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அதே வாரம் என் மனைவியிடம் வேறு கதை. உங்கள் மாமியார் பெயரை மாற்றச் சொல்லி என்னை வற்புறுத்துகிறார், ஆனால் நான் தமிழ்ப் பற்றுள்ளவன், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் பெயரைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லி 3,500 ரூபாய் வாங்கினார். இருவரும் பேசிக்கொள்ளாததால் அவர் சொன்ன இரண்டு கதைகளும் ஒரே வீட்டுக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

மூன்றாவதாக, பிறந்த 21 நாளுக்குள் பெயரைப் பதிவு செய்யாவிட்டால் பிறகு பதிய முடியாது, அலுவலகத்தில் தனக்கு ஆள் இருக்கிறார் என்று அவசரப்படுத்தி, இன்னொரு 3,500 ரூபாயும் மனைவியின் கையெழுத்திட்ட வெற்றுப் படிவமும் வாங்கிக்கொண்டார். இது முழுப் பொய். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் கீழ் 21 நாள் என்பது பிறப்பைத் தெரிவிப்பதற்கான காலம். மருத்துவமனையில் பிறந்தால் அதை மருத்துவமனையே செய்துவிடும். பெயர் இல்லாமலே பிறப்பு பதிவாகும். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். சான்றிதழை மாநகராட்சியின் இணையதளத்தில் காசில்லாமல் பதிவிறக்கலாம். எங்களுக்கு முழுதாக ஓராண்டு இருந்தது. அந்த ஓராண்டில் அம்மாவும் மனைவியும் நூறு முறை பேசித் தீர்த்திருப்பார்கள்.

ஜூன் மாதம் அவர் கொடுத்த சான்றிதழின் தமிழ்க் கட்டத்தில் இருந்த பெயர் 'ஆதிமாந்தி'. அவர் கூட்டிய அந்த ஒற்றை 'ஏ'யை 'எம்'முக்குப் பிறகு வைத்திருந்தார். அதைப் பார்த்து யாரோ தமிழில் 'மா' என்று எழுதிவிட்டார்கள். மாந்தி என்றால் சோதிடத்தில் சனியின் மகன். தீய பலன் தருபவனாகக் கருதப்படுபவன். அம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிழந்து உட்கார்ந்துவிட்டார். பரிகாரத்துக்குப் பணம் கொடுத்ததை அன்றுதான் சொன்னார். மனைவியும் தான் கொடுத்ததைச் சொன்னார். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அதே 'ஏ'யைப் பெயரின் தொடக்கத்தில் சேர்த்திருந்தாலும் கூட்டுத்தொகை அதே 32தான். தமிழ்ப் பெயருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. எண்கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கும் சொல்கிறேன், அவர் தன் தொழிலைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

கேட்கப் போனபோது, படிவத்தில் கையெழுத்து உங்கள் மனைவியுடையதுதானே என்று கதவருகிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். ரசீது எதற்கும் இல்லை. மனைவி அனுப்பிய தொகைகள் வேறொரு பெண்ணின் பெயரிலுள்ள கணக்குக்குப் போயிருந்தன. அம்மா கொடுத்தது ரொக்கம்.

பதிவு அலுவலகத்தில் எங்களை மதித்தே பேசினார்கள். ஒருமுறை ஏறிய பெயரை விருப்பப்படி வேறு பெயராக மாற்ற முடியாது, ஆனால் எழுத்துப் பிழை என்று காட்ட முடிந்தால் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி திருத்தலாம் என்று அலுவலர் விளக்கினார். முதல் தடுப்பூசியின்போது செவிலியர் அட்டையில் 'ஆதிமந்தி' என்று கையால் எழுதியிருந்ததும், நாங்கள் இருவரும் கொடுத்த உறுதிமொழிப் பத்திரமும்தான் எங்களைக் காப்பாற்றின. மூன்று முறை அலைந்தோம். கடைசி முறை அம்மாவும் கூட வந்தார். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அலுவலர் கேட்டபோது, மனைவி வாய் திறப்பதற்குள் அம்மா, "மா இல்லமா, ம. ஆதிமந்தி" என்று சொன்னார். அந்தப் பெயரை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. வீட்டில் அவர் குழந்தையை அஞ்சலை என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார். மனைவி அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது எங்களிடம் சரியான சான்றிதழ் இருக்கிறது. ஆனால் சட்டப்படி மூலப் பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில்தான் திருத்தம் எழுதுவார்கள் என்பதால், பதிவேட்டில் அந்த மாந்தி இருக்கத்தான் செய்யும்.

பணப் பரிமாற்ற விவரங்களையும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் வைத்து, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். வழக்கு நடப்பதால் அந்த நபரின் பெயரை இங்கே எழுதவில்லை. எம்.சி. ரோட்டுப் பக்கம் மாடி அலுவலகம் ஒன்றில் பெயர் எண் பார்த்து, படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தால், தயவுசெய்து இன்றே உங்கள் குழந்தையின் சான்றிதழைப் பதிவிறக்கி, ஆங்கிலப் பெயரோடு நிறுத்தாமல் தமிழ்க் கட்டத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டு, இடையில் யாரையும் வைக்காமல் நீங்களே பதிவு அலுவலகத்துக்குப் போங்கள்.