கிணற்றடிக் குளியலறைக்குச் சூரிய சுடுதண்ணீர்: கண்ணாடிக் குழாயா, பனலா?

மார்கழி, தையில் வாடைக்காற்று வீசும்போது விடியக் குளிக்க யாழ்ப்பாணத்திலும் சுடுதண்ணீர் வேண்டும். கைக்குழந்தையோ வயதானவர்களோ உள்ள வீடென்றால் கேட்கவே வேண்டாம். மின்சார சபையின் கரண்ட் இல்லாமல் வெயிலிலேயே தண்ணீரைச் சூடாக்க மூன்று வழிகள் உண்டு. வெயிலில் தண்ணீரை நேரே சூடாக்கும் கண்ணாடிக் குழாய் ஹீற்றரைக் கூரையில் பூட்டலாம். வெயிலைக் கரண்டாக்கும் பனல், பற்றரி, இன்வேட்டர் வைத்துச் சாதாரண ஹீற்றரை ஓட்டலாம். பற்றரியும் இன்வேட்டரும் இல்லாமல், தாங்கிக்குள் இருக்கும் சூடாக்கும் கொயிலுக்குப் பனலை நேரே இணைக்கலாம்.

பற்றரி வழியை முதலிலேயே விட்டுவிடலாம். 28 பாகையில் உள்ள 100 லீற்றர் தண்ணீரை 48 பாகைக்குக் கொண்டுவர 2.3 யூனிற் வேண்டும். 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். பாதி என்றால் 0.6 யூனிற்தான். ஒரு வீடு குளிக்க நாலு பற்றரியா? கவசம் போட்ட தாங்கியே அந்த வெப்பத்தைக் காலை வரை வைத்திருக்கும்.

மற்ற இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. இடத்தை மட்டும் பார்த்தால் கண்ணாடிக் குழாய்தான் வெல்லும். விழும் வெயிலில் பாதியளவையாவது அது வெப்பமாக்கும். பனல் ஐந்தில் ஒன்றைத்தான் கரண்டாக்கும். 550 வாற் பனல் இரண்டு போட ஐந்து சதுர மீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ அதே வெப்பத்தைக் கண்ணாடிக் குழாய் இரண்டு சதுர மீற்றரில் தந்துவிடும்.

ஆனால் எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. கேத்தலின் அடியில் ஏறும் வெள்ளைப் படிவை எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் 60 பாகையைத் தாண்டினால் அது இன்னும் வேகமாகப் படியும். கண்ணாடிக் குழாயை நிறுத்த முடியாது. வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய் ஒரு கிழமை நின்றாலும் அது சூடாகிக்கொண்டே இருக்கும், உள்ளே சுண்ணாம்பும் ஏறும். பனலை ஒரு சுவிச்சால் நிறுத்திவிடலாம்.

அப்புறம் தூரம். பழைய வீடுகளில் குளியலறை கிணற்றடியில், வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும். 20 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாய் 15 மீற்றர் ஓடினால் அதற்குள்ளேயே ஐந்து லீற்றர் வரை ஆறிய தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைத் திறந்துவிட்ட பிறகுதான் சூடு வரும். பனலுக்கு வயர் இழுத்தால் போதும். தாங்கியைக் குளியலறைச் சுவரிலேயே வைக்கலாம். இப்படிப்பட்ட வீட்டுக்கு நான் பனலைத்தான் சொல்வேன். கொங்கிறீற் கூரையும் அதற்குக் கீழேயே குளியலறையும் உள்ள புது வீடென்றால், சுண்ணாம்பைக் கழுவ ஆள் இருந்தால், கண்ணாடிக் குழாய் சரி.

பனல் எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 230 வோல்ற், 1500 வாற் கொயிலின் தடை 35 ஓம். அதை ஒரு 550 வாற் பனலில் மாட்டினால் 70 வாற் கூட வராது. அந்தப் பனல் முழு வலுவைத் தருவது சுமார் 41 வோல்ற், 13 ஆம்பியரில். அதற்கு 3 ஓம் கொயில் வேண்டும். இரண்டு பனலைத் தொடராக இணைத்தால் 6 ஓம் கொயில். அப்படிப் பொருத்தினாலும் வெயில் பாதியானால் வலு காற்பங்காகிவிடும். இதைச் சரிசெய்ய, வெயில் கூடினாலும் குறைந்தாலும் பனலிலிருந்து எடுக்கக்கூடிய முழு வலுவையும் எடுக்கும் எம்பிபிரி (MPPT) கட்டுப்படுத்தி இருக்கிறது. காசு இருந்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் இன்னொரு பனலைச் சேர்த்துப் போடுங்கள்.

சாதாரண ஹீற்றரின் தேர்மோஸ்ராற்றை, அதாவது குறித்த சூடு வந்ததும் கரண்டை வெட்டும் சுவிச்சை, மட்டும் இதற்குப் பாவிக்கவே கூடாது. வீட்டுக் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் சுவிச் திறக்கும்போது பொறி தானாக அணையும். பனலின் நேரோட்டம் (டிசி) பூச்சியத்தைத் தொடாததால் அதில் அணையாது. நீலப் பொறி இழுபட்டு, தொடுமுனைகள் உருகி ஒட்டி, தண்ணீர் கொதிக்கும் வரை ஓடும். நேரோட்டத்துக்கென்றே செய்த ரிலேயும் பிரேக்கரும் போட வேண்டும். தாங்கியில் அழுத்தம் விடும் வால்வு இல்லாமல் தண்ணீரே நிரப்ப வேண்டாம்.

பனலைத் தெற்கு நோக்கி 25 பாகை சாய்த்தால் மார்கழி வெயில் நன்றாக விழும். காலையில் எந்தப் பனையின் நிழல் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். தொடராக இணைத்த பனலில் ஒரு ஓலை நிழல் விழுந்தாலே கரண்ட் வெகுவாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்த வழியும் கைகொடுக்காது. பொச்சுமட்டை அடுப்பை இடிக்க வேண்டாம்.