மூன்றாவது பொத்தான் வரை

மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருபது ஆண்டுகள் ஓட்டியாயிற்று. இன்றுவரை எனக்கு டை முடிச்சுப் போட வராது. காலையில் மனைவி கட்டிவிடுவதை அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு வண்டியை எடுத்துவிடுவேன். வாரத்தில் மூன்று நாள், ஒரு வழிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நாங்குநேரி வருவதற்குள் டை தோளைத் தாண்டி முதுகில் அடித்துக்கொண்டிருக்கும். கிளிப் போட்டுப் பார்த்தேன். பணகுடிக்கு அருகே எங்கோ கிளிப் பறந்துவிட்டது, டை மிஞ்சியது. வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்க மாட்டும் ஃப்ளைஸ்கிரீன் என்ற தகட்டை வாங்க இதுதான் முதல் காரணம் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் வாங்கியதைச் சோதிக்கவும் அந்த டையைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350. 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 181 கிலோ. முன்னால் உருண்டை ஹெட்லைட், அதன் மேல் மீட்டர். ஓட்டுகிறவருக்கும் காற்றுக்கும் நடுவே வேறொன்றும் கிடையாது. இப்படிப்பட்ட வண்டிகளுக்காகவே ஹெட்லைட்டின் தலையில் உட்காருகிற வளைந்த தகடு ஒன்றை விற்கிறார்கள். இணையத்தில் ஃப்ளைஸ்கிரீன் என்று தேட வேண்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடைகளில் வைசர் என்று கேட்டால்தான் புரியும். ஹெல்மெட் கண்ணாடிக்கும் அதே பெயர் என்பதால் முதலில் அதைத்தான் எடுத்துவந்து வைப்பார்கள். நான் இணையத்தில் வாங்கினேன். புகைநிற அக்ரிலிக், 30 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம், விலை 1,950 ரூபாய். ஏ4 தாள் ஒன்றைப் படுக்கைவசமாகப் பிடித்துப் பார்த்தால் அளவு கண்ணுக்கு வந்துவிடும். விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது நட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்று விளம்பரம் சொன்னது. வழக்கமாகப் போகும் மெக்கானிக்குக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மாட்டி முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தவர், "நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் காற்றைத் தடுக்க இது போதாது. வண்டிக்கு நெற்றி வைத்த மாதிரி, அவ்வளவுதான்" என்றார். பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் வேண்டியிருந்தது.

முதலில் ஒரு கணக்கு. காற்று உடம்பைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அசையாத காற்றில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 17 கிலோ அழுத்தம். 80-இல் அது 30 கிலோ. 100-இல் 47. நிமிர்ந்து உட்கார்ந்தவரின் மார்பையும் வயிற்றையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80-இல் பத்துக் கிலோ அரிசிப் பையை நெஞ்சில் வைத்து யாரோ பின்னால் தள்ளிக்கொண்டே வருகிறார். நாம் அதை எதிர்த்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குகிறோம். முன்கையும் கழுத்தும் வலிப்பது அதனால்தான். இதில் ஒரு ஏ4 தாள் அளவுத் தகடு எவ்வளவு வாங்கிக்கொள்ளும்? நேர்ப்பரப்பை மட்டும் பார்த்தால் இரண்டு கிலோ. தகடு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் தன்மீது மோதும் காற்றை மேலே ஏற்றியும் விடுகிறது. ஆகவே மூன்று கிலோ என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பத்தில் மூன்று. சொல்லிக்கொள்ளும்படியான எண் இல்லை. ஆனால் அந்த மூன்றும் உடம்பில் எந்த இடத்திலிருந்து குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காலை ஆறு மணிக்குக் காற்று இன்னும் சோம்பலாக இருக்கும். அப்போது திருநெல்வேலிக்கும் நாங்குநேரிக்கும் இடையே பார்த்தது இது. ஃப்ளைஸ்கிரீன் இல்லாதபோது 45-இல் டையின் நுனி எழும்பத் தொடங்கும், 60-இல் முழுதாகத் தோளுக்கு மேல் போய்விடும். மாட்டிய பிறகு 60-இல் அசையவே இல்லை. 70-இல் நுனி மட்டும் துடித்தது. 80-இல் வேடிக்கையான ஒன்று நடந்தது: டையின் மேல்பாதி காற்றில் அழுந்திச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது, கீழ்ப்பாதி வயிற்றின் மேல் சும்மா கிடந்தது. இரண்டுக்கும் எல்லை சட்டையின் மூன்றாவது பொத்தான். ஆள் இல்லாத சாலையில் இடக்கையை மெதுவாகக் கீழிருந்து மேலே தூக்கிப் பார்த்தால் அந்த எல்லை உள்ளங்கையில் தெரிகிறது. கீழே அறைக்குள் இருப்பதுபோல அமைதி. மூன்று விரற்கடை மேலே போனால் கை பின்னால் பறக்கிறது. 90-ஐத் தாண்டியபோதுதான் டை பழைய புத்தியைக் காட்டியது.

மூன்றாவது பொத்தானுக்கு மேலே, தோள், கை, முழங்கால், ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் முன்பு கிடைத்த காற்றுதான் இப்போதும். சாரலில் போனால் வயிறு நனையத் தாமதமாகிறது, முழங்கால் எப்போதும்போல் உடனே நனைகிறது. பெட்ரோல் செலவில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் நாகர்கோவிலில் இறங்கும்போது முன்கையில் இருந்த இறுக்கம் குறைந்திருக்கிறது. முதல் மருத்துவமனையில் விசிட்டிங் கார்டு எழுத முடியாமல் விரல் விறைத்து நிற்பது நின்றுவிட்டது. 70-க்கும் 85-க்கும் நடுவில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பத்தில் மூன்று உண்மையாகவே கிடைக்கிறது. அதற்குக் கீழே ஓட்டினால் தேவையில்லை, மேலே ஓட்டினால் போதாது.

இதெல்லாம் காற்று தூங்கும் நேரத்துக் கதை. எங்கள் சாலையின் நிஜமான பரீட்சை காவல்கிணற்றுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டக் கிடைக்கும் சில வாசல்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் ஒன்று. அகலமாக வந்த காற்று குறுகிய வாய் வழியே புகும்போது வேகம் எடுக்கிறது. முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இசக்கியம்மன் கோயிலில் நிறுத்தித் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினால் நெற்றியில் அது சேருவதற்குள் காற்று கொண்டுபோய்விடும். காவல்கிணற்றில் சாலை மேற்கே திரும்பி அந்த வாய்க்கு நேராகப் போகிறது. ஆடி மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு, மீட்டரில் 55 காட்டும்போது என் டை 90-இல் செய்வதையெல்லாம் செய்தது. அப்படியானால் எதிர்க்காற்று ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்க வேண்டும். இந்த ஃப்ளைஸ்கிரீன்களை விற்கிறவர்கள் "80 வரை பாதுகாப்பு" என்று எழுதும்போது சொல்லாமல் விடுவது இதைத்தான். மீட்டர் காட்டுவது சக்கரத்தின் வேகத்தை. தகட்டில் மோதுவதோ காற்றின் வேகம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். மீட்டரில் 70, டை அலுவலக நாற்காலியில் இருப்பதுபோலத் தொங்குகிறது, எஞ்சின் சூடு தொடைக்கு ஏறுகிறது. அப்போது ஃப்ளைஸ்கிரீன் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

நாகர்கோவில் போகும்போது வலப்பக்கத்தில் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் வளாகத்தில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். கீழே சாலையில் நான் டையைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் தகட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

வள்ளியூரிலிருந்து பணகுடி வரை காற்று வலப்பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும். இங்கே ஃப்ளைஸ்கிரீனால் ஒரு பைசா பயனும் கிடையாது. நெஞ்சுக்கு முன்னால் இருக்கும் தகடு பக்கவாட்டில் வருவதை எப்படித் தடுக்கும்? வண்டியைக் காற்றுக்கு எதிராகச் சற்றே சாய்த்து வைத்துக்கொண்டுதான் நேராகப் போக வேண்டும். காற்றாலை இறக்கையை ஏற்றிய நீண்ட டிரெய்லர் ஒன்றை இடதுபுறம் வைத்து முந்தினேன். வலப்பக்கக் காற்று அதன்மீது மோதித் திரும்பி எங்கிருந்தெல்லாமோ குத்தியது. இன்னொரு முறை, லாரி ஒன்று எனக்கு வலப்பக்கம் வந்து காற்றை மறைத்தது. ஒரு நொடி நிம்மதி. லாரி கடந்ததும் கன்னத்தில் அறைந்ததுபோல் முழுக்காற்றும் ஒரே அடியாக. இதை எதிர்பார்த்துக் கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளப் பழகுவதுதான் வழி. எந்தத் தகடும் உதவாது.

அப்படியென்றால் பெரிய கண்ணாடியாகவே போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நண்பர் ஒருவரிடம் 45 செ.மீ. உயரக் கண்ணாடியை இரவல் வாங்கி ஒருநாள் மாட்டினேன். நேர்க்காற்றில் அருமை, டை 95-இலும் படுத்திருந்தது. ஆனால் அது ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் வகை. பக்கக்காற்று கண்ணாடியைப் பிடித்துத் தள்ளும்போது ஹேண்டில்பாரையே தள்ளுகிறது. பணகுடிக்கு முன்னால் இரண்டு முறை வண்டி கோட்டைத் தாண்டப் பார்த்தது. மறுநாள் காலையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன். சிறிய தகட்டின் சிறுமைக்கு ஒரு நன்மை உண்டென்றால் இதுதான்: உதவுவதும் கொஞ்சம், இழுப்பதும் கொஞ்சம்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் 175 செ.மீ. எனக்கு ஏற்றிவிடப்படும் காற்று மார்பின் மேற்பகுதியில் வந்து விழுகிறது, ஹெல்மெட்டுக்குக் கலங்காத காற்று கிடைக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி 160 செ.மீ. அவர் என் வண்டியை ஒருநாள் எடுத்துப்போய்விட்டு, "அண்ணாச்சி, காதுக்குள் யாரோ தகரம் தட்டுகிறார்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். குட்டையானவருக்குத்தான் தகடு கூடுதலாக மறைக்கும் என்று நினைத்திருந்தேன். மறைக்கத்தான் செய்கிறது, ஆனால் தகட்டின் விளிம்பில் சுழன்று கிளம்பும் கலங்கிய காற்று அவருடைய தாடைக்கு நேராகப் போகிறது. தகட்டை இன்னும் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்ததும் சத்தம் குறைந்தது என்றார். அப்படிச் சாய்த்தபோது என் எல்லை மூன்றாவது பொத்தானிலிருந்து நான்காவதுக்கு இறங்கிவிட்டது. வாங்கும் முன் உங்கள் உயரமுள்ள ஒருவரின் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நெட்டையர் எழுதிய ஐந்து நட்சத்திரம் குட்டையருக்கு உதவாது, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃப்ளை என்று பெயரிலேயே ஈ இருக்கிறது, ஆனால் ஈசல் கிளம்பும் மாலையில் பூச்சிகளில் பாதி தகட்டில் ஒட்டுகிறது, மீதிப் பாதி வழக்கம்போல ஹெல்மெட்டில். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்திவைத்தால் தானாக ஊறி வந்துவிடும். பெட்ரோல் தொட்டுத் துடைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் நல்லெண்ணத்தில் அப்படிச் செய்துவிட்டான். அக்ரிலிக்கின் ஒரு மூலையில் சிலந்தி வலை போலக் கீறல்கள் ஓடியிருக்கின்றன.

இனி நட்டு. பெட்டிக்குள் வந்தவை சாதாரண நட்டுகள், ரப்பர் வாஷர் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது வாரத்தில் நாங்குநேரி தாண்டியதும் தகடு கடகடவென்று ஆடத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் நான்கில் இரண்டு நட்டைக் காணோம். விற்றவருக்கு எழுதினேன். தகட்டுக்குத்தான் உத்தரவாதமாம், நட்டு போல்ட்டுக்கு இல்லையாம். 80-இல் ஓடும்போது நெஞ்சை நோக்கிப் பறந்துவரக்கூடிய பொருளைப் பிடித்துவைத்திருப்பது நட்டுதானே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. உள்ளே பிளாஸ்டிக் வளையம் வைத்த நைலாக் நட்டு நான்கும் ரப்பர் வாஷர் நான்கும் மெக்கானிக் போட்டுவிட்டார். மொத்தம் 40 ரூபாய். அதற்குப் பிறகு ஆடவில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் வண்டி துடைக்கும்போது நான்கையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.