துணி வரைபடத்தில் பிரியாமின் பிள்ளைகள்

குன்னூரில் விற்கும் நீலகிரி வண்ணத்துப்பூச்சி வரைபடம். 24-க்கு 18 அங்குலப் பருத்தித் துணி, விலை 350 ரூபாய். மடித்துப் பையில் போடலாம். தூறலில் நனைந்தால் பிழிந்து காயவைத்தால் போதும். முன்பக்கம் படங்கள், பின்பக்கம் பெயர் வந்த கதை. பின்பக்கத்துக்காகவே வாங்கலாம்.

ஸ்வாலோடெயில் எனும் வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தின் இனங்களுக்கு 1758-இல் உயிரியலாளர் லின்னேயஸ் கிரேக்கரின் டிராய்ப் போர்க் கதையிலிருந்து பெயர் எடுத்தார். அப்படித்தான் நம் மலையில் ஹெக்டர், பாரிஸ், ஹெலெனஸ், பாலிட்டஸ் பறக்கிறார்கள். பாரிஸின் தென்னிந்தியக் கிளையினத்துக்குத் தமிலானா என்றே பெயர்! கதையில் இவர்கள் டிராய் மன்னன் பிரியாமின் பிள்ளைகள். ஹெக்டர் போரில் செத்த பிறகு, மிஞ்சிய பிள்ளைகளைப் பிரியாம் கரித்துக்கொட்டும் இடம் ஹோமரின் இலியட் காவியத்தின் 24-ஆம் காண்டம்: பொய்யர்கள், கூத்தாடிகள், சொந்த ஊராரின் ஆட்டுக்குட்டியைத் திருடுபவர்கள். ஹெலெனஸ், பாரிஸ், பாலிட்டஸ் மூவரும் பேர் சொல்லித் திட்டு வாங்குகிறார்கள். வரைபடம் இதை நான்கே வரியில் தெளிவாகச் சொல்கிறது. வசைக்கு நமக்குக் காளமேகம் போல கிரேக்கருக்கு ஆர்க்கிலோக்கஸ். தன்னை ஏசியவனிடம், தன்னையே சில்வண்டாக்கி, சில்வண்டைச் சிறகில் பிடித்துவிட்டாய் என்றாராம். சும்மாவே கத்துவது, பிடித்தால் இன்னும் கத்தும். சோலைக்காட்டில் நடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கோளாறு முன்பக்கத்தில். பாலிட்டஸின் ஆண் படம் மட்டும் இருக்கிறது; கறுப்புச் சிறகு, வெள்ளைப் பட்டை. பெண்ணுக்குப் பல வடிவங்கள் உண்டு. அதில் ரோமுலஸ் என்பது ஹெக்டரை அப்படியே உரித்துவைத்தது. ஹெக்டரின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேற்றிக்கொள்வதால் பறவைகள் தொடுவதில்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் தின்று வளரும் பாலிட்டஸுக்கு நஞ்சில்லை, வேஷம்தான் காப்பு. பொய்யன் என்று பிரியாம் திட்டியது இங்கே பொருந்திப்போவதைப் பின்பக்கம் எழுதியவர்கள் விட்டுவிட்டார்களே என்று மனம் ஆறவில்லை.

பிரித்தறிய உடலைப் பார்க்க வேண்டும். உண்ணிச்செடிப் பூவில் உட்காரும்வரை பொறுத்து, பக்கவாட்டில் பார்த்தால் ஹெக்டருக்குத் தலையும் வயிறும் இரத்தச் சிவப்பு, பாலிட்டஸுக்கு உடல் முழுக்கக் கறுப்பு. இந்த வரைபடத்தில் அந்தச் சிவப்பே செங்கல் நிறமாக அச்சாகி, இரண்டு துவைப்பில் பழுப்பாகிவிடுகிறது. ஆகவே சோப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஹெக்டர் படத்தின் உடலைச் சிவப்புத் துணிப்பேனாவால் ஒருமுறை தீட்டிவிட்டு, பக்கத்தில் 'உடல் கறுப்பானால் ரோமுலஸ்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.