ப்ரோபராகெய்ன் 0.5% சொட்டு மருந்து: டாக்டர் கையில் மட்டும் இருக்கட்டும்

துரைப்பாக்கத்தில் மணல் லாரிக்குப் பின்னால் பைக்கில் வந்தபோது கண்ணில் தூசி விழுந்து கருவிழியில் கீறல், இமையைத் திறக்கவே முடியவில்லை. கிளினிக்கில் ப்ரோபராகெய்ன் என்ற, கண்ணை மரத்துப்போக வைக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டார்கள். சுரீரென்று ஒரு எரிச்சல், அப்புறம் அரை நிமிடத்துக்குள் வலி போன இடம் தெரியவில்லை. அதன் பிறகுதான் சாயம் தடவி நீல வெளிச்சத்தில் பார்க்கவே முடிந்தது, கீறல் பச்சைக் கோடாகத் தெரிந்ததாம். பரிசோதனைக்கு இது அருமையான மருந்து, சந்தேகமே இல்லை.

ஆனால் மரப்பு கால் மணி நேரம்தான், வலி திரும்பி வரும். அப்போது வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும், எங்கள் ஏரியா மருந்துக்கடையில் சீட்டுகூடக் கேட்காமல் எடுத்து நீட்டினார்கள், எனக்குக் கோபமே வந்துவிட்டது. இதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் வளர்வது தடைப்படும், உணர்ச்சி இல்லாததால் கண்ணைக் கசக்கினாலும் தெரியாது, புண்ணாகிப் பார்வையே போகலாம். சின்னக் கீறல் பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் தானாக ஆறிவிடும். ஆன்டிபயாடிக் சொட்டு, பாராசிட்டமால், சரியாகும்வரை கான்டாக்ட் லென்ஸ் கிடையாது, எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அதற்குமேல் வலித்தால் டாக்டரிடமே மறுபடி போங்கள்.